வாலில் ஒரு பெயர், உரிமத்தில் வேறு பெயர்: ஏர்ஏசியா இந்தியா, ஒரு நிகழ்வு ஆய்வு

மார்த்தாண்டத்திலோ வடசேரியிலோ ஏஜென்ட் அச்செடுத்துக் கொடுக்கும் டிக்கெட்டில் பயணி சரிபார்ப்பது நான்கு விஷயங்கள்: பெயர், தேதி, நேரம், லக்கேஜ் எத்தனை கிலோ. விமான எண்ணுக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளில் கண் போவதே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் சிவப்பு வால் போட்ட ஏர்ஏசியா விமானத்தில் பெங்களூரிலிருந்து கோவாவுக்குப் போனவர் டிக்கெட்டில் ஐ5 என்று இருந்திருக்கும். அதே சிவப்பு வாலில் கோலாலம்பூர் போனவர் டிக்கெட்டில் ஏகே. சின்னம் ஒன்று, சீருடை ஒன்று, 180 இருக்கையும் ஒரே அமைப்பு. ஆனால் ஏகே மலேசிய உரிமத்தில் பறக்கும் நிறுவனம், ஐ5 இந்திய உரிமத்தில் பறந்த நிறுவனம். சட்டத்தின் முன் இரண்டும் வேறு வேறு ஆள். ஏகே இன்றும் பறக்கிறது. ஐ5 2024 அக்டோபர் 1 அன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்குள் கரைந்தது.

அந்த ஐ5 பிறந்ததும், பறந்ததும், கைமாறியதும்தான் இங்கே ஆய்வுப் பொருள். குமரி மாவட்டத்துக்கென்று விமான நிலையம் கிடையாது. நமக்கு வாசல் திருவனந்தபுரம். அந்த வாசலில் வந்து நிற்கும் விமானத்தின் பெயரை மட்டும் நம்பி டிக்கெட் எடுப்பவருக்கு ஐ5 கதை நேரடியாகவே பயன்படும்.

கிளை எதற்கு?

கேரள அரசுப் பேருந்து களியக்காவிளை தாண்டி நாகர்கோவில் வரைக்கும் வருகிறது. இரண்டு மாநிலங்களும் போட்ட ஒப்பந்தத்தில் எந்த வழி, எத்தனை நடை என்று எழுதியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் வரும். ஆள் கூட்டமாக இருக்கிறது என்பதற்காக நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு அதுவாக ஒரு நடை விட முடியாது. வானத்திலும் இதுதான் விதி, கொஞ்சம் கடுமையாக.

1944-இன் சிகாகோ உடன்படிக்கை, 7-ஆவது பிரிவு: தன் நாட்டுக்குள் ஓரிடத்தில் ஆள் ஏற்றி இன்னோரிடத்தில் இறக்கும் உரிமையை வெளிநாட்டு விமானத்துக்கு மறுக்க எந்த நாட்டுக்கும் அதிகாரம் உண்டு. அநேகமாக எல்லா நாடுகளும் மறுக்கின்றன. நாட்டுக்கு வெளியே பறப்பதற்கோ இரு நாட்டு ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் பலன் கிடைக்க வேண்டுமானால் நிறுவனத்தின் பெரும்பங்கும் கட்டுப்பாடும் அந்நாட்டவர் கையில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே வரும்.

ஆகவே மலேசிய நிறுவனம் பெங்களூர்–கோவா ஓட்ட ஆசைப்பட்டால் ஒரே வழிதான்: உள்ளூர்க்காரரைக் கூட்டுச் சேர்த்து, உள்ளூரில் நிறுவனம் பதிந்து, உள்ளூர் உரிமம் எடுத்து, வாலில் தன் சின்னத்தை ஒட்டுவது. ஏர்ஏசியா இதையே தாய்லாந்தில் எஃப்டி, இந்தோனேசியாவில் க்யூஇசட், பிலிப்பைன்ஸில் இசட்2 என்ற குறியீடுகளில் செய்தது. சிங்கப்பூரில் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் இதே முறையில் ஜெட்ஸ்டார் ஏசியாவை வைத்திருந்தது. அபுதாபியில் ஹங்கேரியின் விஸ் ஏர் இதே முறையில் ஒரு நிறுவனம் நடத்தியது.

கணக்குப் புத்தகத்தில் 49 சதவீதப் பங்கு என்பது 'துணை நிறுவனம்' ஆகாது, கூட்டு நிறுவனம்தான். ஆனால் பெயர், முன்பதிவு முறை, விமானம் எடுக்கும் வழி, பயிற்சி எல்லாம் ஒரே கையிலிருந்து வரும்போது ஊர் அதைக் கிளை என்றே சொல்லும். இந்தச் சட்டச் சொல்லுக்கும் ஊர்ச் சொல்லுக்கும் இடையில் இருந்த இடைவெளிதான் பின்னால் வழக்காக மாறியது.

2012 முதல் 2014 வரை

2012 செப்டம்பரில் இந்திய அரசு கதவைத் திறந்தது: இந்திய விமான நிறுவனங்களில் வெளிநாட்டு விமான நிறுவனங்கள் 49 சதவீதம் வரை முதலிடலாம். அதற்கு முன் வேறு வகை வெளிநாட்டுப் பணம் வரலாம், விமான நிறுவனத்தின் பணம் மட்டும் கூடாது என்று இருந்தது.

ஏர்ஏசியா இந்தியா பதிவானது 2013 மார்ச் 28. பங்கு பிரிந்தது இப்படி: மலேசியாவின் ஏர்ஏசியா 49, டாடா சன்ஸ் 30, டெலஸ்ட்ரா டிரேட்பிளேஸ் 21. தலைமையகம் சென்னை என்று பேச்சு. 2014 மார்ச்சில் முதல் ஏர்பஸ் ஏ320 விமானம் வந்து இறங்கியதும் சென்னையில்தான். ஓடத் தொடங்கியபோது தளம் பெங்களூர் ஆகிவிட்டது.

நிறுவனம் பதிந்ததிலிருந்து முதல் பயணிகள் விமானம் வரைக்கும் பதினான்கு மாதத்துக்கு மேல் ஓடிற்று. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம், அதாவது டிஜிசிஏவிடம், பறக்கும் உரிமம் வாங்குவது ஐந்து கட்ட வேலை: முன் பேச்சு, முறையான விண்ணப்பம், கையேடுகளைச் சரிபார்த்தல், நேரில் ஆய்வும் சோதனைப் பறப்பும், கடைசியாகச் சான்று. மூன்றாவது கட்டத்தில்தான் நேரம் கரையும். பறக்கும் முறைக் கையேடு, பராமரிப்புக் கையேடு, பயிற்சிக் கையேடு, பாதுகாப்புக் கையேடு என்று அடுக்கடுக்காகக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் திருத்தம் வந்து, திருப்பிக் கொடுத்து வாங்க வேண்டும். தாய் நிறுவனத்தின் கையேட்டில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்க முடியாது, இந்திய விதிக்கு ஏற்றபடி எழுத வேண்டும். இத்தனைக்கும் நடுவே விமானி சம்பளமும் விமானக் குத்தகையும் ஓடிக்கொண்டிருக்கும், வருமானம் ஒரு ரூபாய் இராது. குத்தகைக்கு எடுத்த வள்ளம் தடைக்காலத்தில் கரையில் கிடப்பது போலத்தான்.

உரிமம் 2014 மே 7 அன்று கிடைத்தது. ஜூன் 12-இல் பெங்களூர்–கோவா முதல் சேவை. அறிமுகக் கட்டணம் 990 ரூபாய், பெங்களூர்–சென்னைக்கு 490.

180 இருக்கை, 25 நிமிடம்

மலிவு விமானத்தின் அடிப்படைக் கணக்கு இருக்கை எண்ணிக்கையில் பாதி, தரையில் நிற்கும் நேரத்தில் பாதி. ஒரே வகை விமானம், ஒரே வகுப்பு, 180 இருக்கை. ஒரே வகை என்பதால் ஒரு விமானிக்கு வாங்கிய பயிற்சி எல்லா விமானத்துக்கும் செல்லும், உதிரிப் பாகக் கிடங்கும் ஒன்றே போதும். தரையிறங்கி, ஆளை இறக்கி, குப்பை எடுத்து, எரிபொருள் நிரப்பி, ஆளை ஏற்றி மறுபடி கிளம்ப 25 நிமிடம் என்பது இந்தத் தொழிலின் இலக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாசல் மூடி வாசல் திறக்கும் வரை 70 நிமிடம் எடுக்கும் தடம். தரையில் 25 நிமிடம் என்றால் ஒரு நடைக்கு 95. காலை ஆறு முதல் இரவு எட்டு வரையான 840 நிமிடத்தில் எட்டு நடை ஓட்டி, மிச்சம் 80 நிமிடம் கையில் இருக்கும். தரையில் 45 நிமிடம் ஆனால் ஒரு நடைக்கு 115, ஏழு நடைதான். அந்த எட்டாவது நடையின் 180 இருக்கைதான் லாபம். குத்தகையும் சம்பளமும் முதல் ஏழு நடையிலேயே போய்விடும்.

இதில் கோளாறு எங்கே வரும்? காலை முதல் நடை மூடுபனியில் 50 நிமிடம் பிந்தினால் அந்தப் பிந்தல் எட்டு நடைக்கும் தொற்றும். பத்து விமானம் இருந்தால் ஒன்றை மாற்றிப் போட்டுச் சமாளிக்கலாம். இரண்டு மூன்றே இருந்தால், ஒரு பறவை என்ஜினில் மோதி விமானம் நின்றதுமே சேவையில் மூன்றிலொன்றோ பாதியோ போய்விடும். ஏர்ஏசியா இந்தியா தொடங்கி இரண்டாண்டு ஆன பிறகும் விமான எண்ணிக்கை ஒற்றை இலக்கத்திலேயே நின்றது. மலிவு முறைக்கு வேண்டிய எண்ணிக்கை வருவதற்குள் இண்டிகோ அதே வகை ஏ320-களை வரிசையாக இறக்கி, காலை ஆறு மணி, மாலை ஆறு மணி என்று நல்ல நேரங்களையெல்லாம் பிடித்து வைத்திருந்தது. பெங்களூருக்கு ஒரு நாள் வேலையாகப் போகிறவர் தேடுவது காலையில் போய் இரவில் திரும்பும் விமானத்தை. நடுப்பகலில் ஒரே ஒரு சேவை வைத்துக்கொண்டு 300 ரூபாய் குறைத்தாலும் அவர் வரமாட்டார்.

இன்னொன்று, தாய் நிறுவனத்தின் மலிவில் பெரும்பகுதி கோலாலம்பூரின் மலிவு. அங்கே 2006 முதல் 2014 வரை மலிவு விமானங்களுக்கென்றே தனி முனையம் இருந்தது. ஏணிப்படி இறங்கி வெயிலில் நடந்து போவார்கள், முனையத்தையும் விமானத்தையும் இணைக்கும் ஏரோபிரிட்ஜ் செலவு கிடையாது. இந்தியாவில் மலிவு விமானத்துக்கென்று தனி முனையம் இல்லை. விமான எரிபொருள் ஜிஎஸ்டிக்குள் வராமல் மாநில வரியில் நிற்கிறது. தமிழ்நாட்டில் அந்த வரி 29 சதவீதம். சின்னத்தையும் சீருடையையும் கப்பலேற்றிக் கொண்டுவரலாம், ஊரின் செலவைக் கொண்டுவர முடியாது. இந்த முயற்சி தடுக்கி விழுந்த முதல் கல் இது என்பது எங்கள் கணிப்பு. பங்குதாரர் சண்டை, வழக்கு எல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

5/20 என்ற பூட்டு

இந்திய நிறுவனம் வெளிநாட்டுக்குப் பறக்க வேண்டுமானால் ஐந்தாண்டு உள்நாட்டில் ஓட்டியிருக்க வேண்டும், 20 விமானம் வைத்திருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. இதைத்தான் 5/20 என்பார்கள். கிளையின் முழு நோக்கத்தையும் இது குறுக்கே வெட்டியது. ஏர்ஏசியாவின் பலம் கோலாலம்பூர், பாங்காக் வழியாகக் கிழக்காசியா முழுக்க விரிந்த வலை. இந்தியக் கிளை அந்த வலையில் ஒரு கண்ணியாக இருந்திருந்தால்தான் அதற்கு அர்த்தம். ஆனால் திருச்சிக்கும் கொச்சிக்கும் மலேசிய உரிமத்து ஏகே நேராக வந்து போய்க்கொண்டிருக்க, இந்திய உரிமத்து ஐ5 கோலாலம்பூர் பக்கம் தலைவைக்க முடியாது.

2016 ஜூன் மாத தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கை ஐந்தாண்டு நிபந்தனையை எடுத்தது. 20 விமானம் அல்லது மொத்தக் கொள்ளளவில் 20 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதை உள்நாட்டில் ஓட்ட வேண்டும் என்பது மட்டும் நின்றது. ஐ5 இருபது விமானத்தைத் தொட 2019 வாக்கில் ஆயிற்று. அடுத்த ஆண்டே கொரோனா. ஏர்ஏசியா இந்தியா என்ற பெயர் இருந்த வரைக்கும் வெளிநாட்டுக்கு ஒரு வழக்கமான பயணிகள் சேவைகூட அது தொடங்கவில்லை.

கடிவாளம் யார் கையில்?

இந்திய விதிப்படி தலைவர் இந்தியராக இருக்க வேண்டும், இயக்குநர்களில் மூன்றில் இரண்டு பங்கு இந்தியராக இருக்க வேண்டும், பெரும்பங்கும் நடைமுறைக் கட்டுப்பாடும் இந்தியர் கையில் இருக்க வேண்டும். காகிதத்தில் இதெல்லாம் இருந்தது. எதிர்த்தவர்கள் கேட்டது வேறு: சின்னம் பயன்படுத்தும் ஒப்பந்தம், விலை வைக்கும் முறை, விமானம் குத்தகைக்கு எடுப்பது ஆகியவற்றில் கடைசிச் சொல் யாருடையது? இந்திய விமான நிறுவனங்களின் கூட்டமைப்பும் சுப்பிரமணியன் சுவாமியும் தனித்தனியே டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள். 2018 மே மாதம் மத்தியப் புலனாய்வுத் துறையும் வழக்குப் பதிந்தது. உரிமம் பெறவும் 5/20 விதியை நீக்கவும் முறைகேடான வழிகளில் முயன்றார்கள், கட்டுப்பாடு வெளிநாட்டுக்குப் போனது என்பவை குற்றச்சாட்டு. நிறுவனத் தரப்பு மறுத்தது.

எது உண்மை என்பது நீதிமன்றத்தின் வேலை. தொழில் நோக்கில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: தாய் நிறுவனம் இழுத்துப் பிடித்தால் சட்டம் உதைக்கும், விட்டுப் பிடித்தால் சின்னத்தின் தரம் நழுவும். 49 சதவீதக் கூட்டில் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க இடம் மிகக் குறைவு.

இதற்கிடையே 21 சதவீதத்தோடு தொடங்கிய டெலஸ்ட்ரா 2016-இல் விலகியது. அந்தப் பங்கில் பெரும்பகுதி டாடா பக்கம் சாய்ந்தது.

விலகல், எண்ணிக்கையில்

கொரோனாவில் தாய் நிறுவனமே மூச்சுத் திணறியது. 2020 அக்டோபரில் ஏர்ஏசியா ஜப்பானை மூடினார்கள். அந்த டிசம்பரில் ஏர்ஏசியா இந்தியாவின் 32.67 சதவீதப் பங்கை டாடாவுக்கு 3.766 கோடி டாலருக்குக் கொடுத்தார்கள். டாடாவின் கை 83.67 சதவீதம் ஆயிற்று. மிச்சம் 16.33 சதவீதம் 2022 நவம்பரில், அதற்குள் டாடா கைக்கு வந்துவிட்ட ஏர் இந்தியாவுக்கு 155.65 கோடி ரூபாய்க்குப் போனது.

வகுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். முதல் விற்பனையின்படி முழு நிறுவனத்தின் மதிப்பு சுமார் 11.5 கோடி டாலர். இரண்டாவதன்படி சுமார் 953 கோடி ரூபாய். 2022 நவம்பரின் மாற்று விலையில் இதுவும் ஏறத்தாழ அதே டாலர் தொகைதான். இரண்டு ஆண்டு நட்டம் ஏறியும் விலை அசையவில்லை. மிச்சப் பங்கை என்ன விலைக்கு வாங்கலாம் என்பதை முன்பே பேசி வைத்திருந்தார்கள். 2021–22-இல் மட்டும் நட்டம் 2,178 கோடி ரூபாய். இப்படி ஒரு நிறுவனத்தை விலை பேசும்போது வாங்குபவர் பார்ப்பது லாபத்தை அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் உரிமம், பயிற்சி பெற்ற விமானிகள், பெரிய நிலையங்களில் கையிலுள்ள இறங்கும் நேரம், 28 விமானம். அத்தனையும் புதிதாகச் சேர்க்க வேண்டுமானால் அந்த ஐந்து கட்டப் படிக்கட்டை மறுபடி ஏற வேண்டும்.

பெயர் மாறும் இடைக்காலம்

பயணிக்கு வலி வருவது நிறுவனம் கைமாறும் நாளில் அல்ல, அதற்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களில். சிவப்பு வால் போய் நிறுவனத்தின் பெயர் ஏஐஎக்ஸ் கனெக்ட் ஆனது. 2023 மார்ச்சில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸோடு பொது இணையதளம், பொது முன்பதிவு வந்தது. உரிமம் மட்டும் 2024 அக்டோபர் 1 வரை இரண்டாகவே இருந்தது. ஒன்றரை ஆண்டு கடை ஒன்று, கல்லா இரண்டு.

இப்படிப்பட்ட காலத்தில் தவறுவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில். விமான எண் மாறியதாகக் குறுஞ்செய்தி போகும், ஆனால் முன்பதிவில் கிடப்பது ஏஜென்டின் கைபேசி எண். ஏஜென்ட் ஒரு நாளில் ஐம்பது செய்தி பார்ப்பவர். பயணி பழைய எண்ணோடு நிலையத்தில் வந்து பலகையைத் தேடுவார். இதற்குப் பணக் கணக்கும் உண்டு. டிஜிசிஏ விதிப்படி, முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால் ஒரு மணி நேரம் வரையான பறப்புக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. இந்தத் தொகையா, அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையா, எது குறைவோ அதுதான் இழப்பீடு. முன்பதிவில் தொடர்பு விவரம் சரியாகக் கொடுக்காதவருக்கு அது கிடையாது என்றும் அதே விதி சொல்கிறது. டிக்கெட் எடுக்கும்போதே பயணியின் சொந்த எண்ணையும் மின்னஞ்சலையும் போடச் சொல்லி, போட்டதை அந்தத் தாளிலேயே பார்த்துவிட வேண்டும்.

திருவனந்தபுரத்தில் இதைப் பொருத்திப் பார்த்தால்

ஐ5 போய்விட்டது, ஆனால் அதன் தாய் ஏகே 2024 முதல் திருவனந்தபுரத்துக்கு வருகிறது. இங்கேதான் இரண்டு எழுத்தின் வேலை தொடங்குகிறது.

முதலில் லக்கேஜ். இந்திய உள்நாட்டு விமானத்தில் 15 கிலோ பெட்டியோடு போய்ப் பழகியவர் ஏகே டிக்கெட்டை மலிவாக இருக்கிறதே என்று எடுக்கிறார். அந்த அடிப்படைக் கட்டணத்தில் கைப்பை 7 கிலோ மட்டும், உள்ளே போடும் பெட்டிக்குத் தனிப் பணம். ஏழு கிலோ எவ்வளவு என்பதை நம்மூர்க் கணக்கில் பார்க்கலாம்: சக்கரம் வைத்த காலிப்பெட்டியே இரண்டரை முதல் மூன்று கிலோ. ஏத்தங்காய் சிப்ஸ் இரண்டு கிலோ, முந்திரிக்கொத்து ஒரு கிலோ, கருப்பட்டி ஒரு கிலோ, நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ. துணி வைக்கும் முன்பே ஏழு, ஏழரை ஆகிவிட்டது. பெட்டிக்கான பணத்தை டிக்கெட்டோடு சேர்த்தே கட்டுவது மலிவு, கவுன்டரில் கட்டுவது அதிகம். தேங்காய் எண்ணெய் கைப்பையில் போனால் 100 மில்லிக்கு மேல் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். கொப்பரை எந்தப் பையிலும் கூடாது, எண்ணெய்ச் சத்தால் தீப்பிடிக்கும் பொருள் பட்டியலில் அது இருக்கிறது.

அடுத்து, பணம் திரும்புவது. 2016 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த டிஜிசிஏ விதியில் ஒரு வரி உண்டு: இந்தியாவுக்கு வந்து போகும் வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த நாட்டு விதிப்படி பணத்தைத் திருப்பித் தரும். அதாவது, ஒரே சின்னம் போட்ட இரண்டு விமானங்களில், அன்று ஐ5 ரத்தானால் இந்திய விதி, ஏகே ரத்தானால் மலேசிய விதி. வாலைப் பார்த்து இது தெரியாது. விமானத்தின் பின்பக்கத்தில், வாலுக்கு முன்னால், சின்னதாகப் பதிவு எண் எழுதியிருக்கும். விடி என்று தொடங்கினால் இந்தியா, 9எம் மலேசியா, 9வி சிங்கப்பூர், ஏ6 அமீரகம், ஹெச்எஸ் தாய்லாந்து. டிக்கெட்டில் இயக்குபவர் யார் என்று தனியே போட்டிருக்கும் வரியும் இதையே சொல்லும்.

மூன்றாவது, ஊரே மாறிப்போவது. ஏர் அரேபியா என்றதும் ஷார்ஜா என்று நம்மாட்கள் மனதில் பதிந்துவிட்டது. அது ஜி9. அபுதாபியின் எதிஹாத் விமான நிறுவனத்தோடு கூட்டாக 2020-இல் தொடங்கிய ஏர் அரேபியா அபுதாபி வேறு நிறுவனம், குறியீடு 3எல், இறங்குவது அபுதாபியில். அழைத்துப்போக வருபவர் ஷார்ஜாவில் காத்து நிற்க, பயணி அபுதாபியில் நின்றால் இடையில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான சாலை.

நான்காவது, இரண்டு டிக்கெட் ஒட்டுப்போடுவது. திருவனந்தபுரம்–பெங்களூர் ஒரு நிறுவனம், பெங்களூர்–கோலாலம்பூர் இன்னொன்று என்று தனித்தனி பிஎன்ஆரில், அதாவது தனித்தனி முன்பதிவு எண்ணில் எடுத்தால் முதல் விமானம் பிந்தியதற்கு இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. இரண்டும் ஒரே சின்னமாக இருந்தாலும் உரிமம் வேறென்றால் இதே கதிதான், ஒரே பிஎன்ஆரில் விற்றிருந்தால் ஒழிய. குறைந்தது ஐந்து மணி நேர இடைவெளி விடாமல் இப்படி ஒட்டக் கூடாது.

நிலையத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம், வெளிநாட்டு முனையம் சாக்கை பக்கம். ஓடுபாதைக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும். தவறாக இறங்கினால் சுற்றித்தான் வர வேண்டும். பயணிகள் மேம்பாட்டுக் கட்டணம் 2024 ஜூலையில் உள்நாட்டில் கிளம்புபவருக்கு 770 ரூபாய், வந்திறங்குபவருக்கு 330 என்று இருந்தது. வெளிநாட்டுக்கு 1,540, 660. ஆண்டுதோறும் ஏறும்படி வைத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் 990 என்று பார்த்த டிக்கெட் கையில் வரும்போது இரட்டிப்பாவது இப்படித்தான்.

பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் கடலுக்குப் போகும். அந்த இரண்டு நாளும் மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் விமானம் ஏறாது, இறங்காது. 25 நிமிடத் திருப்பத்தை நம்பி ஓடும் மலிவு நிறுவனத்துக்கு இது நாள் முழுவதையும் கலைத்துப்போடும் இடைவெளி. அன்று மாலை டிக்கெட் எடுத்தவர் நேரம் மாறிய செய்தியைத் தேடிப் பார்த்துவிட்டே வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்திலிருந்து சாமி சிலைகள் திருவனந்தபுரம் போகும் நாட்களிலும் சாலைக் கணக்கு மாறும். நாகர்கோவிலிலிருந்து வழக்கமாக இரண்டு மணி நேரம் என்றால் அன்றைக்கு மூன்று வைக்க வேண்டும். பாலராமபுரம் முக்கில் மாட்டிக்கொண்டவருக்கு மூன்றும் போதாது.

மூடப்போகும் கிளையின் அறிகுறி

ஐ5 கைமாறி உயிர் தப்பிய வகை. தப்பாதவையும் உண்டு. ஜெட்ஸ்டார் ஏசியா 2004 டிசம்பரில் சிங்கப்பூரில் தொடங்கியது. குவாண்டாஸுக்கு 49, உள்ளூர்ப் பங்குதாரருக்கு 51. 2025 ஜூன் 11 அன்று மூடுவதாக அறிவித்து, ஜூலை 31 அன்று கடைசி விமானம் விட்டார்கள். சில செலவுகள் 200 சதவீதம் வரை ஏறியதைக் காரணமாகச் சொன்னார்கள். 13 ஏ320-களும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து தடங்களுக்குப் போயின. ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். விஸ் ஏர் அபுதாபி 2025 ஜூலையில் அறிவித்து செப்டம்பர் 1-இல் நிறுத்தியது. வெப்பத்தில் என்ஜின் தேய்வு, பிராந்தியப் பதற்றம், வேண்டிய நாடுகளுக்குப் பறக்கும் அனுமதி கிடைக்காதது என்று மூன்று காரணம் சொன்னது. கிளைக்கு உரிமம்தான் வேர், விமானத்துக்கு வேர் இல்லை. வண்ணம்கூட மாற்றாமல் அடுத்த நாட்டுக்கு எடுத்துப்போய்விடலாம்.

பயணி கவனிக்கக்கூடிய அறிகுறிகள் சில. அடுத்த பருவத்துக்கான டிக்கெட் விற்பனை வழக்கமான நாளில் திறக்காமல் இருப்பது. தினசரிச் சேவை வாரம் நான்காகச் சுருங்குவது. அதே தடத்தில் தாய் நிறுவனமே தன் குறியீட்டில் விற்கத் தொடங்குவது. மூன்றும் சேர்ந்து தெரிந்தால் ஆறு மாதத்துக்கு அப்பாலுள்ள கல்யாணத்துக்கு அந்த நிறுவனத்தில் டிக்கெட் போடாமல் இருப்பது நல்லது.

அப்படியும் ரத்தாகிவிட்டால் பணம் வந்த வழியே திரும்பும். கடன் அட்டையில் கட்டியது அட்டைக்கு, ஏஜென்ட் வழி கட்டியது ஏஜென்டின் கணக்குக்கு. ஏஜென்டுகளின் இணையக் கணக்கில் இந்தத் தொகை பயணியின் பெயரில் வராது, பிஎன்ஆர் எண்ணோடு ஒரு வரியாக மட்டும் வந்து கிடக்கும். ஒரே நாளில் நாற்பது டிக்கெட் ரத்தான ஏஜென்ட் அந்த வரிகளைப் பிரித்து எடுக்க நாளாகும். கையில் பிஎன்ஆர், பணம் கட்டிய ரசீது, ரத்துச் செய்தி மூன்றையும் வைத்துக்கொண்டு கடையில் போய், அந்த வரியைத் திரையில் காட்டச் சொல்லிக் கேட்பவருக்குத்தான் முதலில் தீரும்.